காலை வெட்டுவேன் என்று சொன்னவர்

ஃபஹாஹீல்,
16.2.2025

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

கை மரத்துப்போவது குறைந்ததா? தைலம் தடவுகிறாயா? நான் இருக்கிறேன். இந்த அரபு நாட்டுக் குளிர் இன்னும் விடவில்லை. காலையில் சாரம் கட்டும் குழாயைத் தொட்டால் விரல் சுண்டுகிறது.

இரண்டு நாளாய் அழைத்துப் பார்த்திருப்பாய். போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். இனி அதில் பேசப் போவதில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதுகிறேன். என் ரூமில் இருக்கும் நூஹு, தொண்டிக்காரன், அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். நீயும் எழுதிப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பு. அவன் பிறத்தியார் கடிதத்தைப் படிக்கிற ஆள் இல்லை.

கனகா காலேஜ் விழாவில் ஆடிய வீடியோவை உன் அண்ணன் ரெங்கராஜ் எனக்கு அனுப்பியிருந்தார். ரூமில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தபோது திறந்துவிட்டேன். கை இல்லாத சட்டை, பக்கத்தில் பையன்கள். ஒருத்தன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். அது போதாதா? அந்தச் சூட்டில் கனகாவுக்குக் குரல் அனுப்பினேன். "இன்னொரு தடவ மேடை ஏறி ஆடுன, ரெண்டு காலையும் வெட்டிப் போட்டுருவேன். படிக்க அனுப்புனனா, கூத்தாட அனுப்புனனா?" இவ்வளவுதான். என் அப்பன் என்னை இதைவிட மோசமாய்ப் பேசியிருக்கிறார்.

வியாழக்கிழமை டூட்டி பஸ்ஸில் இலங்கைப் பையன் ஒருவன் பாட்டுப் போட்டான். தாளம் அடிக்கிறது, நடுவே என் குரல் வருகிறது. வெட்டி வெட்டி, போட்டு போட்டு என்று இழுத்து இழுத்துப் பாட்டாக்கி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸே சிரித்தது. முதலில் யாருக்கும் என் குரல் என்று தெரியவில்லை. பிறகு தெரிந்துவிட்டது.

நான் அனுப்பியது என் மகளுக்கு. அது எப்படி ஊருக்குப் போனது என்று கேட்டு எழுது.

இப்படிக்கு,
சோலைமுத்து

வீடு,
20.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பஞ்சவர்ணம் எழுதுவது. எனக்குக் கை பரவாயில்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். மனசில் ஒன்றையும் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள்.

கனகாவிடம் கேட்டேன். அவள் போன் கண்ணாடி உடைந்து மதுரையில் ஒரு கடையில் கொடுத்திருந்தாளாம். அந்தக் கடைப் பையன் உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து வெளியில் விட்டுவிட்டான். அவளுக்கும் ரொம்ப வருத்தம். படிப்பு கெட்டுவிடக் கூடாது என்று நான்தான் ஒன்றும் பேச வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். விடுதியில் நன்றாக இருக்கிறாள்.

கோபத்தில் நாலு வார்த்தை எந்த அப்பனும் பேசுவதுதான். பத்து நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். போனைத் திறங்கள் மாமா. உங்கள் சத்தம் கேட்காமல் வீடு என்னவோபோல் இருக்கிறது.

மழை இல்லை. மற்றபடி குறையில்லை.

பஞ்சவர்ணம்

ஃபஹாஹீல்,
14.3.2025

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நோன்பு மாதம். நூஹு பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் இல்லாமல் வேலை பார்க்கிறான், ஆனாலும் என் முகத்தைப் பார்த்து, "நீங்கதான் பட்டினி கிடக்குற மாதிரி இருக்கீங்க" என்கிறான்.

கடைப் பையன் விஷயம் படித்தேன். சரி.

கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. என் போனில் வைத்திருந்த படமும் குரலோடு சேர்ந்து வெளியே போயிருக்கிறது, அதில் ஹெல்மெட்டில் கம்பெனிப் பெயர் இருந்ததாம். அதைப் பார்த்து யாரோ முகம் தெரியாதவர்கள், பெண்களை வெட்டுவேன் என்கிற ஆளையா வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஆபீசுக்கு எழுதியிருக்கிறார்கள். என்னையும் இன்னும் சிலரையும் ஒரு வகுப்பில் உட்கார வைத்தார்கள். பெண்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று வகுப்பு. இந்த ஏரியாவில் ஒரு பெண்ணிடமும் நான் பேசியதில்லை. எனக்குப் பேச ஆள் எங்கே இருக்கிறது?

வகுப்பு எடுத்தது கனகா வயசுப் பிள்ளை. இங்கிலீஷில் சொல்லும். ஆபீஸ் கிளார்க் அருள்முருகன் தமிழில் சொல்லுவார். விரல் நீட்டிப் பேசும் ஆள் படத்தைத் திரையில் காட்டி அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். மகள் தப்புச் செய்தால் கண்டிக்கக் கூடாதாம். 'நீ செய்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது' என்று சொல்ல வேண்டுமாம். எங்கே, நீங்கள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள் என்று எல்லார் முன்னாலும் என்னை எழுந்து நிற்கச் சொன்னது. அருள்முருகனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சொன்னேன் பஞ்சவர்ணம். பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி சொன்னேன். அந்தப் பெண் கைதட்டியது. கேலி இல்லை, நல்ல மனசோடுதான் தட்டியது. அதுதான் தாங்கவில்லை.

கண்டித்தால் வன்முறை என்கிறார்கள். எங்கே போனாய் என்று கேட்டால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், இங்கிலீஷ் பெயர், என் வாயில் நுழையாது. சம்பாதித்து அனுப்ப மட்டும்தான் அப்பன். வாயைத் திறக்கக் கூடாது. நம் வீட்டுக்குள் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்ல இவர்கள் யார்? என்னை ஒரு நாள் பார்த்திருப்பார்களா? ஜெயிலில் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். பெற்ற பிள்ளைக்குப் பேய் என்று எழுதியிருக்கிறார்கள். நான் யாரிடம் போய், அப்படி இல்லை என்று சொல்வது? எந்தக் கதவைத் தட்டுவது?

கனகாவை இரண்டு வரி எழுதச் சொல். அதிகம் வேண்டாம்.

சோலைமுத்து

வீடு,
6.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காய்ச்சல் ஒன்றும் இல்லை, கைதான் மறுபடி மரத்தது. நீங்கள் இருமல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யூடியூப்காரர்கள் என்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் உங்களை அடிப்பாரா என்று என்னிடம் கேட்டார்கள். வாசலில் நிற்க வைத்தே, "இருந்து அடிக்கிறதுக்கு அவரு எங்கய்யா இங்க இருக்காரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதை ஏதோ நான் கண்ணீர் விட்டுச் சொன்ன மாதிரி போட்டிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் அழவில்லை. உங்களுக்கு அது தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

அண்ணன் மட்டும் ஊரெல்லாம் உங்கள் குரலைப் போட்டுக் காட்டி, என் மச்சான் சிங்கம் என்கிறார். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை.

கனகாவுக்குப் பரீட்சை நேரம். முடிந்ததும் எழுதுவாள்.

பஞ்சவர்ணம்

ஃபஹாஹீல்,
2.5.2025

அன்புள்ள மதினிக்கு,

நூஹு எழுதிக்கொள்வது. நீங்களும் மகளும் நலமாய் இருக்க அல்லாவிடம் கேட்கிறேன். அண்ணனுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

அண்ணன் பேசுவதை நிறுத்திவிட்டார். முதலில் போனில் மட்டும்தான் என்று நினைத்தோம். இப்போது ரூமிலும் இல்லை. கேட்டால் தலை ஆட்டுவார். எல்லாரும் சீட்டு விளையாடும்போது கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். வேலையில் மேலிருந்து குழாய் இறக்கும்போது கீழே நிற்பவனுக்குக் குரல் கொடுக்க வேண்டும். அவர் கொடுப்பதில்லை, குழாயில் தட்டுகிறார். ஃபோர்மேன் இரண்டு முறை சத்தம் போட்டுவிட்டார். மூன்றாவது முறை ஆபீசுக்கு எழுதுவேன் என்றிருக்கிறார்.

இன்னொன்று. சொல்லலாமா கூடாதா என்று பல நாள் யோசித்தேன். கடைப் பையன் யாரும் எடுக்கவில்லை என்பது அண்ணனுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். பஸ்ஸில் பாட்டுக் கேட்டு வந்த அன்று, அது எங்கிருந்து வந்தது என்று தேடிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். கனகா பெயர், கனகா படம். 'இது என் அப்பா' என்று அவளே எழுதிப் போட்டிருந்தது. படித்துவிட்டுப் போனை என்னிடம் தந்தார்.

உங்கள் கடிதம் வந்தபோது கடைப் பையன் கதையை அண்ணனே என்னிடம் சொன்னார். ஏன் அண்ணே மதினியிடம் தெரியும் என்று சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ பிள்ளையக் காப்பாத்தப் பாக்குறா. காப்பாத்தட்டும்" என்றார். அவர் என்னிடம் முழுதாய்ப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஏதாவது செய்யுங்கள் மதினி. இந்த மனுஷனை இப்படிப் பார்க்க முடியவில்லை.

நூஹு

வீடு,
5.5.2025

மாமா,

உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நூஹு தம்பியைக் கோபிக்காதீர்கள்.

கடைப் பையன் நான் சொன்ன பொய். அவள் சொல்லச் சொல்லவில்லை. இத்தனை நாள் மறைத்த இன்னொன்றையும் சொல்கிறேன். கனகா விடுதியில் இல்லை. மார்ச்சிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். பரீட்சை எழுதவில்லை.

உங்களைத் திட்டியவர்களைப் பற்றி எழுதினீர்கள். உங்களுக்கு ஆதரவாக வந்தவர்கள் அவளை என்ன எழுதினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அப்பன் சொன்னது சரிதான் என்று ஆரம்பித்து, அவள் ஆடியதைத் துண்டு துண்டாய் வெட்டி, எழுதக் கூடாத வார்த்தையெல்லாம் எழுதினார்கள். நம்பரைக் கண்டுபிடித்து ராவும் பகலும் கூப்பிட்டார்கள். ஒருவன், காலை வெட்ட நான் வரட்டுமா, உங்கப்பன் கேட்டுக்கொண்டான் என்றானாம். அவள் போட்டதை எடுத்துவிட்டாள். எடுத்து என்ன? எல்லாரிடமும் இருக்கிறது. அண்ணன் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

நீங்கள் அங்கே சுவரைப் பார்க்கிறீர்கள், இவள் இங்கே சுவரைப் பார்க்கிறாள். நடுவில் நான் யாரோடு பேசுவேன்? ஒரே ஒரு தடவை போனைத் திறந்து, கனகா என்று கூப்பிடுங்கள். திட்டுவதானாலும் திட்டுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பஞ்சவர்ணம்

ஃபஹாஹீல்,
21.6.2025

பஞ்சவர்ணத்துக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வெயில் ஏறிவிட்டது. உச்சி வேளையில் வெளி வேலை இல்லை.

நீ எழுதியதைப் படித்த பிறகு பலமுறை போனைக் கையில் எடுத்தேன். பெயரைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. வைத்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை கீழே பக்காலா மளிகைக் கடையில் ரொட்டி வாங்க நின்றேன். வேறு கேம்ப் ஆள் ஒருவன், நம் ஊர்ப் பக்கத்துக்காரன்தான், ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணே, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. அந்த மாதிரிக் கழிசடைய எல்லாம்" என்று ஆரம்பித்து ஒரு வார்த்தை சொன்னான். என் மகளை, என்னிடமே, பாராட்டுகிற மாதிரி சொன்னான். அடித்துவிட்டேன். பிடித்து இழுக்கிறவரைக்கும் அடித்தேன். அவனுக்குப் பல் போய்விட்டது.

போலீஸ் வரைக்கும் போனது. கம்பெனி ஆள் வந்து சமாதானம் பேசி வெளியே கொண்டுவந்தார். அதோடு முடிந்தது. "கலாஸ் அண்ணே, விசா கேன்சல்" என்று அருள்முருகன் சொன்னார். என்னைப் பற்றி அவர்கள் முதலிலேயே எழுதி வைத்திருந்தது சரி என்று ஆகிவிட்டது. காகிதம் எல்லாம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள்.

இத்தனை வருஷம் ஊருக்கு வரும் நாளை எண்ணிக்கொண்டு இருந்தேன். இப்போது வரச் சொல்லிவிட்டார்கள், கால் வரவில்லை. என்னைத் திட்டியவர்களோடும் என்னால் இருக்க முடியவில்லை, என் பக்கம் என்று வந்தவர்களோடும் இருக்க முடியவில்லை. எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பேன் என்று தெரியவில்லை.

சோலைமுத்து

வீடு,
29.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கனகா எழுதுகிறேன். நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். கையில் காயம் ஏதாவது ஆனதா?

நான்தான் போட்டேன். கடைப் பையன் கதை எனக்குப் பிறகுதான் தெரியும்.

நீங்கள் அனுப்பியதைக் கேட்டபோது விடுதியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். தொங்கப் போட்டிருந்த இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அம்மாவுக்கு அழைத்தேன். "அவரு அப்படித்தாண்டி பேசுவாரு, வெட்டவா போறாரு" என்றாள் அம்மா. அம்மாவுக்கு நீங்கள் வெட்ட மாட்டீர்கள் என்று தெரியும் அப்பா. கோபப்படும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும், அது எப்போது இறங்கும், எல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? கைக்குழந்தையாய் விட்டுப் போனீர்கள். லீவில் வரும்போதெல்லாம் விருந்தாளி மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். மற்ற நாளெல்லாம் எனக்கு நீங்கள் போனில் கேட்கும் சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தம் வெட்டுவேன் என்றது.

என் தோழிகள் கேட்டுவிட்டு, இது மிரட்டல், இதை நீ மறைக்கக் கூடாது என்றார்கள். நான் பயந்ததற்கு அவர்களிடம் ஒரு பெயர் இருந்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. போட்டேன். எங்கள் காலேஜில் கொஞ்சம் பேர் பார்ப்பார்கள் என்றுதான் நினைத்தேன். பாட்டாக வந்த அன்று விடுதியில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அப்பா. பிறகு குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

நான் ஆடியது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. பொய் எழுத விரும்பவில்லை. நீங்கள் எனக்காக ஒருவனை அடித்ததாக அம்மா சொன்னாள். அடிப்பது தப்பு என்று காலேஜில் மைக் பிடித்துப் பேசியவள் நான். ஆனாலும் கேட்டதும் அழுதேன்.

வாருங்கள் அப்பா. வந்து, எதிரில் உட்கார்ந்து திட்டுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறேன்.

உங்கள் மகள்,
கனகா

ஃபஹாஹீல்,
9.8.2025

அன்புள்ள மகள் கனகாவுக்கு,

நூஹு சித்தப்பா எழுதுவது. அம்மாவுக்கு என் விசாரிப்பைச் சொல்லு. பதில் வரும் வரும் என்று காத்திருப்பாய், அதனால் நானே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அண்ணன் நான் காட்டிய அன்றே படித்தார். என் போனை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். கடற்கரைப் பக்கம் போய் ரொம்ப நேரம் கழித்து வந்தார். போன் சூடாக இருந்தது. பிறகு தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தார். எழுதிக் கிழித்தார். மறுநாளும் கிழித்தார். அதற்கப்புறம் உட்காரவில்லை.

காகிதம் எல்லாம் முடிந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை திருச்சிக்கு விமானம். உனக்கு என்ன வாங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடையில் சட்டைகளுக்கு முன்னால் நின்றுவிட்டு ஒன்றும் எடுக்காமல் வந்துவிட்டார். சோப்பும் பாதாமும் நான்தான் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

பொறுமையாக இரும்மா. நல்ல மனுஷன்.

நூஹு சித்தப்பா

வீடு,
2.11.2025

அன்புள்ள நூஹு சித்தப்பாவுக்கு,

கனகா எழுதுகிறேன். நீங்களும் ரூமில் எல்லோரும் நலமா? அப்பா கட்டிலுக்கு வேறு ஆள் வந்துவிட்டாரா? அம்மா உங்களை விசாரித்தாள். இங்கே நல்ல மழை. அம்மாவுக்குக் கை தேவலை.

அப்பா பேசுகிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார். சாயங்காலம் வந்து அம்மாவிடம், "ஏய் பஞ்சு, வெந்நி போட்டியா இல்லையாடி" என்று பழையபடி சத்தம் போடுகிறார். ரெங்கராஜ் மாமா வீடியோ பேச்சை எடுத்தபோது வாசலைக் காட்டி வெளியே போகச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளையை, வாடி போடி என்று கூப்பிட்டு முட்டாய் கொடுக்கிறார்.

என்னிடம் மட்டும் அப்படி இல்லை.

திருச்சி ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்ததும், "வாங்க. நல்லா இருக்கீங்களா?" என்றார். கூட்டத்தில் ஏதோ தடுமாறிச் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் "சாப்பிட்டீங்களா" என்றார். இப்போது பக்கத்துக் காலேஜில் சேர்ந்து வீட்டிலிருந்தே போய் வருகிறேன்; முதல் நாள் "காலேஜுக்குக் கிளம்பிட்டீங்களா" என்றார். இரண்டரை மாதமாய் இப்படித்தான். விரலை நீட்டுவதில்லை. குரல் உயர்வதில்லை. ஆபீசர் வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி கையைக் கட்டிக்கொள்கிறார்.

எதிரில் உட்கார்ந்து திட்டுங்கள் என்று கேட்டிருந்தேன். ஒரு நாள் நேராகவே கேட்டேன். "நீங்க செஞ்சது எனக்கு வருத்தமா இருந்துச்சு" என்றார். மனப்பாடம் செய்த மாதிரி சொல்லிவிட்டு, சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தார் சித்தப்பா. அதைப் போல எதுவும் என்னைக் கொன்றதில்லை.

போன வாரம் வேண்டுமென்றே பஸ்ஸை விட்டேன். போனையும் அணைத்துவிட்டேன். இருட்டியபின் மழையில் நனைந்துகொண்டு வந்தேன். அம்மா என் முதுகில் நாலு வைத்தாள். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். "வந்துட்டீங்களா? தலையத் துவட்டிட்டுச் சாப்பிடுங்க" என்றார். நான் கத்தினேன். ஏன் லேட்டுன்னு கேளுங்கப்பா, எவன்கூடச் சுத்திட்டு வர்றன்னு கேளுங்கப்பா என்று கத்தினேன். அவர் அம்மாவைப் பார்த்து, "அவங்க பெரியவங்க, அவங்களுக்குத் தெரியும்" என்றார். துண்டை என் கையில் கொடுத்தார். விரல் படாமல் கொடுத்தார்.

அது கோபமா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன். எல்லாம் தெரிந்த அம்மாவுக்கும் இது தெரியவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். இத்தனை வருஷம் ரூமில் என்னைப் பற்றிப் பேசியிருப்பார் அல்லவா? அப்போது எப்படிச் சொல்வார்? அவ என்பாரா, கழுதை என்பாரா, வேறு ஏதாவது சொல்வாரா? அவர் சொன்ன வார்த்தையை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள் சித்தப்பா. திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

காத்திருக்கும்,
கனகா